பள்ளியில் இடம் கிடைத்த பிறகு என்ன? ஊர் மாறி வரும் குழந்தைகளும் கல்வி உரிமைச் சட்டமும்

புதுடெல்லி: பிழைப்புக்காக வேறு மாநிலத்துக்குச் செல்லும் ஒரு குடும்பம், தங்குவதற்கு ஓர் அறையும் செய்வதற்கு ஒரு வேலையும் அமைந்தவுடன் அடுத்ததாகத் தேடுவது குழந்தைகளுக்கான பள்ளியை. அந்தப் பள்ளியின் அலுவலக அறையில் பெரும்பாலும் மூன்று கேள்விகள் எழுகின்றன. மாற்றுச் சான்றிதழ் இருக்கிறதா? எந்த வகுப்பில் சேர்ப்பது? குழந்தைக்கு இந்த ஊர் மொழி தெரியுமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் 2010ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் தெளிவான விடையளிக்கிறது. மூன்றாவது கேள்விக்கு அந்தச் சட்டத்தில் உறுதியான விடை இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறிய குழந்தை சில மாதங்களில் வகுப்பறையிலிருந்து காணாமல் போவதற்கு மொழி ஒரு முக்கியக் காரணமாக இருக்கிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டமும் வடகிழக்கில் மிசோரமும் இந்தச் சிக்கலை வெவ்வேறு முனைகளிலிருந்து எதிர்கொண்டுள்ளன. அவற்றின் அனுபவமும், சட்டம் வழங்கும் உரிமைகளும், எஞ்சியுள்ள இடைவெளிகளும் இத்தொகுப்பில் விளக்கப்படுகின்றன.

எவ்வளவு பேர் இடம்பெயர்கின்றனர்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் முன்பு வசித்த இடத்தை விட்டு வேறிடத்தில் வாழ்வோரின் எண்ணிக்கை 45 கோடிக்கும் அதிகம். இவர்களில் பெரும்பாலானோர் சொந்த மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறியவர்கள். திருமணத்தின் காரணமாக ஊர் மாறிய பெண்களும் இந்தக் கணக்கில் அடங்குவர் என்பதால், இந்த எண்ணை அப்படியே வேலைக்காக இடம்பெயர்ந்தவர்களின் எண்ணிக்கையாகக் கொள்ள முடியாது.

மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் குறித்து 2016-17ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை தனியாக ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. ரயில் பயணத் தரவுகளைப் பயன்படுத்திச் செய்யப்பட்ட அந்த மதிப்பீட்டின்படி, 2011 முதல் 2016 வரையிலான காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் பேர் மாநிலங்களுக்கிடையே இடம்பெயர்ந்துள்ளனர்.

இவர்களில் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத் தனியாகச் செல்கின்றனர். ஆனால் செங்கல் சூளை, கரும்பு வெட்டு, கட்டுமானம் போன்ற வேலைகளுக்குக் குடும்பமாகவே செல்வது வழக்கமாக உள்ளது. தொழிற்பேட்டைகளில் சில ஆண்டுகள் வேலை செய்து நிலைபெற்றவர்களும் மனைவி, குழந்தைகளை அழைத்து வந்து விடுகின்றனர். கொச்சி, திருப்பூர், சூரத், ஐதராபாத் போன்ற நகரங்களை ஒட்டிய அரசுப் பள்ளிகளில் வேற்று மொழி பேசும் குழந்தைகள் சேருவதற்கு இதுவே பின்னணி.

சட்டம் என்ன சொல்கிறது?

2002ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட 86ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழியாக 21ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 6 முதல் 14 வயது வரையிலான அனைத்துக் குழந்தைகளுக்கும் கல்வி அடிப்படை உரிமையாக்கப்பட்டது. இதை நடைமுறைப்படுத்துவதற்காக 2009இல் நிறைவேற்றப்பட்ட இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. இச்சட்டத்தின் பல பிரிவுகள் ஊர் மாறி வரும் குழந்தைகளுக்கு நேரடியாகப் பொருந்துகின்றன.

பிரிவு 4: பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்ற மாணவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை அக்குழந்தைக்கு உண்டு. அவ்வாறு சேர்ந்த குழந்தை 14 வயதைக் கடந்தாலும், தொடக்கக் கல்வியான 8ஆம் வகுப்பை முடிக்கும் வரை கட்டணமின்றிப் படிக்கலாம்.

பிரிவு 5: எந்தக் காரணத்துக்காகவும் மாநிலத்துக்குள்ளோ வெளி மாநிலத்துக்கோ பள்ளி மாற வேண்டிய குழந்தைக்கு, பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். அதைக் கொண்டுவரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. சான்றிதழ் வழங்கத் தாமதிக்கும் தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார்.

பிரிவு 9: புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் சேர்வதை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமைகளுள் ஒன்று. தனது எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிப்பதும் அதன் பொறுப்பே.

பிரிவு 14, பிரிவு 15: வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கை வழங்க வேண்டும்.

ஆதார் அட்டை குறித்தும் குழப்பம் நிலவுகிறது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று தெளிவுபடுத்தியது. ஆதார் எண் இல்லாததற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயனை மறுக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

ஆவணங்களைப் பொறுத்தவரை சட்டம் குழந்தையின் பக்கமே நிற்கிறது. எனினும், இந்த விதிகளை அறியாத பெற்றோர் சான்றிதழுக்காகச் சொந்த ஊருக்கும் வேலை செய்யும் ஊருக்கும் இடையே அலைவதும், அதற்குள் குழந்தையின் ஓராண்டு வீணாவதும் நிகழ்கின்றன.

நாடு விட்டு வந்த குழந்தைக்கும் உரிமை உண்டா?

21ஏ பிரிவிலும் கல்வி உரிமைச் சட்டத்திலும் 'குடிமக்கள்' என்ற சொல் பயன்படுத்தப்படவில்லை. 'குழந்தைகள்' என்றே குறிப்பிடப்பட்டுள்ளது. அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் நாட்டில் இல்லை. இந்நிலையில், எல்லை கடந்து வந்த குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்கும் சாவியாக இந்தச் சொல்லே அமைந்துள்ளது.

இதைத் தெளிவாகப் பயன்படுத்திய மாநிலம் மிசோரம். மியான்மருடன் 510 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இம்மாநிலத்துக்கு, 2021 பிப்ரவரி 1 அன்று அங்கு நிகழ்ந்த ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின்னர் ஆயிரக்கணக்கான சின் இன மக்கள் தஞ்சம் தேடி வந்தனர். சின் மக்களும் மிசோ மக்களும் இன உறவு கொண்டவர்கள். தேவாலயங்களும் உள்ளூர்ச் சமூக அமைப்புகளும் இருப்பிடமும் உணவும் வழங்க, அடுத்த கேள்வி குழந்தைகளின் படிப்பைப் பற்றியதாக இருந்தது.

2021 ஆகஸ்ட் இறுதியில் மாநிலப் பள்ளிக் கல்வி இயக்குநரகம் மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டிய அக்கடிதம், புலம்பெயர்ந்த மற்றும் அகதிக் குழந்தைகளை அந்தந்தப் பகுதிப் பள்ளிகளில் சேர்க்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொண்டது. பின்னர் வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியிலிருந்து வந்த குழந்தைகளும், 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த கலவரத்தால் இடம்பெயர்ந்த குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். இம்மூன்று பிரிவினரையும் சேர்த்து மாநிலப் பள்ளிகளில் பயில்வோரின் எண்ணிக்கை 8 ஆயிரத்தைக் கடந்துவிட்டதாக 2023இல் மாநில அரசு தெரிவித்தது.

தலைநகர் டெல்லியில் ரோஹிங்கியா குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குழந்தைகள் முதலில் அரசுப் பள்ளிகளை அணுகலாம் என்றும், தகுதியிருந்தும் சேர்க்கை மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, 1983க்குப் பின் வந்த இலங்கைத் தமிழர் குடும்பங்களின் குழந்தைகள் அரசுப் பள்ளிகளில் சேர்ந்து படித்து வருகின்றனர்.

இதே கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சந்தித்துள்ளது. உரிய அனுமதியின்றி நாட்டுக்குள் வந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையை மறுக்க வழிவகுத்த டெக்சாஸ் மாநிலச் சட்டத்தை, 1982ஆம் ஆண்டு 5-4 என்ற பெரும்பான்மையில் அந்நீதிமன்றம் ரத்து செய்தது. பெற்றோரின் செயலுக்காகக் குழந்தைகளைத் தண்டிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் முக்கிய அடிப்படைகளுள் ஒன்று.

வகுப்பறைக்குள் தொடங்கும் சிக்கல்

சேர்க்கை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பீகாரில் இந்தியில் 3ஆம் வகுப்பு வரை படித்த பத்து வயதுக் குழந்தை, கேரளத்தில் மலையாள வழிப் பள்ளிக்கு வருகிறது. சட்டப்படி அதை 5ஆம் வகுப்பில் அமர்த்த வேண்டும். அங்கு ஆசிரியர் சொல்வதும், கரும்பலகையில் எழுதப்படுவதும், உடன் படிப்போர் பேசுவதும் அந்தக் குழந்தைக்குப் புரிவதில்லை. கணக்கு தெரிந்த குழந்தையாலும் கேள்வியைப் படிக்க முடியாததால் விடை எழுத முடிவதில்லை.

இதைச் சமாளிக்கச் சில பள்ளிகள் குழந்தையை 1ஆம் வகுப்பிலோ 2ஆம் வகுப்பிலோ அமர்த்திவிடுகின்றன. அது சட்டத்துக்கு முரணானது. தன்னைவிட நான்கைந்து வயது சிறியவர்களுடன் உட்கார்ந்திருக்கும் குழந்தை கூச்சத்தினாலேயே பள்ளியைத் தவிர்க்கத் தொடங்குகிறது. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண் குழந்தையின் மேல் விழுகிறது. பள்ளியில் எதுவும் புரியாத நிலையில், வீட்டிலேயே இருப்பது எளிதாகிவிடுகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பயிற்று மொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 'இயன்றவரை' என்ற சொல்லே இந்த விதியின் எல்லையைக் காட்டுகிறது. ஒரே வகுப்பில் இந்தி, வங்காளம், ஒடியா, அசாமியம் பேசும் குழந்தைகள் இருக்கும்போது, எல்லோருக்கும் தாய்மொழியில் பாடம் நடத்துவது ஓர் உள்ளூர்ப் பள்ளியால் இயலாத காரியம். சிறப்புப் பயிற்சி மூன்று மாதங்கள் முதல் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை அளிக்கப்படலாம் என்று மாதிரி விதிகள் கூறுகின்றன. ஆனால் அந்தப் பயிற்சியைக் குழந்தைக்குப் புரியும் மொழியில் தொடங்க யார் இருக்கிறார்கள் என்பதில்தான் நடைமுறைச் சிக்கல் அடங்கியுள்ளது.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், ஆங்கிலம் அறியாத சுமார் 1,800 சீன வம்சாவளி மாணவர்களுக்கு எந்தத் துணைப் பயிற்சியும் அளிக்கப்படாதது குறித்து 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஒரே கட்டடம், ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர் என்று வழங்குவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. மொழி புரியாத மாணவருக்குப் பொருளுள்ள கல்வி மறுக்கப்பட்டதாகவே ஆகும் என்பது நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக எடுத்த முடிவு. அதன் பிறகு, ஆங்கிலம் அறியாத மாணவர்களுக்கு உதவுவது அந்நாட்டுப் பள்ளி நிர்வாகங்களின் சட்டக் கடமையானது. இந்தியாவில் இத்தகைய கட்டாயம் இன்னும் உருவாகவில்லை.

எர்ணாகுளம் கண்ட வழி

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரும்பாவூரின் ஒட்டுப்பலகை ஆலைகளும், எடையார் பகுதியின் தொழிற்சாலைகளும் பல்லாயிரம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வேலை தருகின்றன. 'அதிதி தொழிலாளர்கள்', அதாவது விருந்தினர் தொழிலாளர்கள் என்று கேரள அரசு இவர்களைக் குறிப்பிடுகிறது. எடையார் அருகேயுள்ள பினானிபுரம் அரசுப் பள்ளி போன்ற சில பள்ளிகளில் இவர்களின் குழந்தைகளே கணிசமான எண்ணிக்கையில் பயில்கின்றனர். உள்ளூர்க் குழந்தைகள் தனியார் பள்ளிகளுக்குச் சென்றுவிட, வருகை குறைந்திருந்த அரசுப் பள்ளிகளுக்கு இவர்களின் வரவு புத்துயிர் அளித்தது எனலாம்.

இக்குழந்தைகளுக்காக 2017ஆம் ஆண்டு மாவட்ட நிர்வாகம் தொடங்கிய திட்டம் 'ரோஷ்ணி'. சில பள்ளிகளில் சோதனை முறையில் தொடங்கி, பின்னர் 38 பள்ளிகளுக்கு அது விரிவாக்கப்பட்டது. பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் கொச்சி சுத்திகரிப்பு ஆலை, தனது சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இதற்கு உதவியது.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. காலையில் வழக்கமான வகுப்புகள் தொடங்கும் முன் இக்குழந்தைகளுக்குத் தனி வகுப்பு நடத்தப்படும். காலை உணவும் வழங்கப்படும். வகுப்பை நடத்துபவர், குழந்தையின் மொழியும் மலையாளமும் அறிந்த கல்வித் தன்னார்வலர். அவர் குழந்தைக்குத் தெரிந்த மொழியில் பேச்சைத் தொடங்கி, சொற்களை ஒவ்வொன்றாக மலையாளத்துக்கு மாற்றிக்கொண்டே செல்வார். இரு மொழிகளுக்கும் இடையே மாறி மாறிப் பேசும் இம்முறையில் குழந்தையின் தாய்மொழி தடையாகக் கருதப்படுவதில்லை. புதிய மொழிக்குச் செல்லும் படியாக அது பயன்படுகிறது. தனி வகுப்பு முடிந்தவுடன் அக்குழந்தைகள் மற்ற மாணவர்களுடன் அதே வகுப்பறையில் அமர்கின்றனர்.

இந்தத் தன்னார்வலர்களின் பங்கு வகுப்பறையுடன் நிற்கவில்லை. குழந்தை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குச் சென்று விசாரிக்க, பெற்றோரின் மொழியிலேயே பேசக்கூடிய ஒருவர் பள்ளிக்குக் கிடைத்தார். திட்டம் நடைமுறைக்கு வந்த பள்ளிகளில் வருகை உயர்ந்து, இடைநிற்றல் குறைந்ததாக மாவட்ட நிர்வாகத் தரப்பில் தெரிவிக்கப்பட்டது.

இதில் ஒரு பலவீனமும் உள்ளது. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியை நம்பி நடக்கும் திட்டம், அந்த நிதி நீடிக்கும் வரையே உறுதியாக நிற்கும். இருமொழி அறிந்த பணியாளர் பள்ளியின் நிரந்தர அமைப்பில் இடம்பெறாத வரை, ஒவ்வோர் ஆண்டும் அவரது பணி கேள்விக்குறியாகவே இருக்கும்.

பள்ளி வழியாகக் குடும்பமும் ஊன்றுகிறது

புதிய ஊருக்கு வந்த குடும்பம் அச்சமின்றி அணுகக்கூடிய முதல் அரசு நிறுவனம் பெரும்பாலும் பள்ளிதான். ரேஷன் கடை எங்கே, குழந்தைக்குத் தடுப்பூசி எங்கே போடப்படும், தொழிலாளர் நல வாரியத்தில் எப்படிப் பதிவுசெய்வது என்பன போன்ற கேள்விகளுடன் பெற்றோர் ஆசிரியரிடமே வருகின்றனர்.

கனடா இதை ஓர் அரசுத் திட்டமாகவே வடிவமைத்துள்ளது. அந்நாட்டில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு உதவுவதற்கென்றே பள்ளிகளில் 'குடியமர்வுப் பணியாளர்கள்' அமர்த்தப்படுகின்றனர். மத்தியக் குடியேற்றத் துறை இதற்கு நிதி வழங்குகிறது. குழந்தையைச் சேர்க்க வரும் பெற்றோரை இப்பணியாளர் சந்தித்து, பள்ளி நடைமுறைகளை விளக்குவதுடன் மருத்துவம், வீடு, வேலை, மொழி வகுப்பு ஆகியவற்றுக்கு யாரை அணுக வேண்டும் என்றும் வழிகாட்டுகிறார். ஆசிரியரின் சுமையைக் கூட்டாமல், பள்ளியையே குடும்பத்தின் வழிகாட்டி மையமாக மாற்றும் ஏற்பாடு இது. இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து, சென்று குடியேறிய பல குடும்பங்களும் இதனால் பயன்பெற்றுள்ளன.

இந்தியாவில் இதற்கு நிகரான நாடு தழுவிய ஏற்பாடு இல்லை. எனினும் சில கூறுகள் இங்கும் உள்ளன. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் அனைத்து மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், சொந்த ஊர் அட்டையைக் கொண்டே வேறு மாநிலத்தில் தானியம் பெறலாம். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்ந்த எந்தக் குழந்தைக்கும் 8ஆம் வகுப்பு வரை மதிய உணவு உண்டு. பெரியவர்களின் மொழிக் கற்றலுக்காகக் கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பித்து வருகிறது. நண்பர் என்பது அப்பெயரின் பொருள்.

கல்வி உரிமைச் சட்டத்திலேயே மற்றொரு வாய்ப்பும் உள்ளது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தங்கிய நிலையிலுள்ள பெற்றோருக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் தேவை என்றும் சட்டம் கூறுகிறது. வெளிமாநிலக் குழந்தைகள் கணிசமாக உள்ள பள்ளியில், அவர்களின் தாய்மார்களில் ஒருவரேனும் இக்குழுவில் இடம்பெற்றால், பள்ளிக்கும் குடியிருப்புக்கும் இடையே ஒரு தொடர்பு கிடைக்கும்.

ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே

ஓரிடத்தில் சில ஆண்டுகள் தங்கும் குடும்பத்துக்கு எர்ணாகுளம் மாதிரி பொருந்தும். ஆண்டுதோறும் போய்த் திரும்பும் குடும்பத்துக்கு வேறு வழி தேவை. மகாராஷ்டிரத்தின் பீட் உள்ளிட்ட மராத்வாடா மாவட்டங்களிலிருந்து கரும்பு வெட்டச் செல்வோர் தீபாவளியை ஒட்டிப் புறப்பட்டு, கோடையில் ஊர் திரும்புகின்றனர். மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து தெலங்கானா, ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் செங்கல் சூளைகளுக்குச் செல்வோரின் நிலையும் இதுவே. பள்ளியின் வேலை நாட்களும் சூளையின் வேலை நாட்களும் ஒரே மாதங்களில் வருவதால் குழந்தை இரு ஊர்ப் பள்ளிகளிலும் அரைகுறையாகவே படிக்க நேர்கிறது.

இதற்கு இரு தீர்வுகள் முயலப்பட்டுள்ளன. முதலாவது, குழந்தையை ஊரிலேயே இருத்துவது. ஒடிசா அரசு, பெற்றோர் வெளியூர் செல்லும் மாதங்களில் குழந்தைகள் தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகளை நடத்துகிறது. இரண்டாவது, குழந்தையுடன் படிப்பும் செல்வது. மகாராஷ்டிரத்தின் 'கல்வி உறுதி அட்டை', குழந்தை எந்த வகுப்பில் எதுவரை படித்துள்ளது என்ற விவரத்தைச் சுமந்து செல்கிறது. அதைக் காட்டி, செல்லும் ஊர்ப் பள்ளியில் சேரலாம். திரும்பி வந்ததும் பழைய பள்ளியில் தொடரலாம்.

2022-23ஆம் கல்வியாண்டு முதல் மத்திய அரசின் பள்ளித் தரவுத்தளமான யுடைஸ் பிளஸ், ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் தனித்தனியே பதிவுசெய்கிறது. ஒரு குழந்தை ஒரு பள்ளியிலிருந்து விலகி வேறெங்கும் சேராவிட்டால், அதைக் கண்டறிய இது உதவும். அந்தக் குழந்தை எந்தச் சூளையில் இருக்கிறது என்று நேரில் சென்று பார்க்கும் பணியைத் தரவுத்தளம் செய்யாது. அது உள்ளாட்சி அமைப்பும் கல்வித் துறையும் செய்ய வேண்டியது.

14 வயதுக்குப் பின்?

தற்போதைய சட்டப் பாதுகாப்பு 8ஆம் வகுப்புடன் முடிகிறது. 9ஆம் வகுப்பில் சேர வரும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றில் சட்டம் வழங்கும் சலுகைகள் கட்டாயமாகப் பொருந்துவதில்லை. 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் கற்கத் தொடங்கிய மொழியில் எழுத வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. 14 வயதை எட்டிய பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் குடும்பத்துக்கு வருமானம் கிடைக்கும் என்ற கணக்கு பெற்றோரின் மனத்தில் எழுவதும் இந்த வயதில்தான்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, புலம்பெயர் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகக் குடிமைச் சமூக அமைப்புகளின் ஒத்துழைப்புடன் மாற்றுக் கல்வி மையங்களை அமைக்கப் பரிந்துரைக்கிறது. 3 முதல் 18 வயது வரை அனைவருக்கும் கல்வி என்ற இலக்கையும் அது முன்வைத்துள்ளது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்பு இன்னும் மாற்றப்படவில்லை.

பெற்றோர் அறிய வேண்டியவை

* 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையை ஆண்டின் எந்த மாதத்திலும் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். ஆதார், பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவை கையில் இல்லாதது மறுப்புக்குக் காரணமாகாது.

* ஊரை விட்டுப் புறப்படும் முன் பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழைக் கேட்டுப் பெறுவது பின்னாளில் அலைச்சலைக் குறைக்கும். குழந்தையின் பழைய பாடநூல், மதிப்பெண் அட்டை ஆகியவற்றை உடன் எடுத்துச் சென்றால் அதன் கற்றல் நிலையைப் புதிய ஆசிரியர் அறிய உதவும்.

* வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கவும், சிறப்புப் பயிற்சி அளிக்கவும் கோருவது குழந்தையின் சட்ட உரிமை.

* சேர்க்கை மறுக்கப்பட்டால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். மூன்று மாதங்களுக்குள் அதன் மீது முடிவெடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 32ஆவது பிரிவு கூறுகிறது. அம்முடிவில் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

* குழந்தை ஆபத்தான சூழலில் இருந்தாலோ வேலையில் அமர்த்தப்பட்டிருந்தாலோ 1098 என்ற கட்டணமில்லா எண்ணில் தகவல் தெரிவிக்கலாம்.

எஞ்சியிருப்பது என்ன?

ஆவணத் தடைகளைச் சட்டம் பெருமளவு நீக்கிவிட்டது. எல்லை கடந்து வந்தவர்களையும் அச்சட்டத்தின் கீழ்ச் சேர்க்க முடியும் என்பதற்கு மிசோரம் சான்றாக உள்ளது. மொழித் தடையைக் கடக்க, இரு மொழியும் அறிந்த ஒருவரைப் பள்ளியில் அமர்த்துவது எந்த அளவுக்குப் பயன்தரும் என்பதை எர்ணாகுளம் காட்டியுள்ளது. இதற்குப் பெரிய கட்டடமோ புதிய பாடத்திட்டமோ தேவைப்படவில்லை. புலம்பெயர்ந்தவர்களிலேயே படித்தவர்கள், குறிப்பாகக் கணவருடன் வந்து வீட்டில் இருக்கும் பட்டதாரிப் பெண்கள், இப்பணிக்குப் பொருத்தமானவர்களாக இருக்கக்கூடும்.

அத்தகைய பணியிடம் மாநிலங்களின் கல்வி நிதிநிலையில் நிலையாக இடம்பெறுமா என்பதே அடுத்த கேள்வி. வெளிமாநிலத் தொழிலாளர்களின் உழைப்பில் இயங்கும் திருப்பூர், கோவை, சென்னை போன்ற நகரங்களைக் கொண்ட தமிழ்நாட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள வெளிமாநிலக் குழந்தைகளின் பெயர்களில் எத்தனை பெயர்கள் அடுத்த கல்வியாண்டின் வருகைப் பதிவேட்டிலும் இருக்கின்றன என்ற கணக்கை ஒவ்வொரு பள்ளியும் எடுத்துப் பார்ப்பது அதற்கான முதல் படியாக அமையும்.